அந்தப் பழைய பாரைக் கொஞ்சம் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 29. பேராவூரணிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தென்னந்தோப்பு. 2 வருஷத்துக்கு முன்னால் 58 சிசி மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 22 அங்குல பாரோடு, அதாவது செயின் சுற்றி ஓடும் பட்டைத் தகட்டோடு, வந்தது. தோப்பு வேலை போக, மாதம் 5 நாள் வெளியிலும் அறுக்கப் போகிறேன். தென்னை, புளி, வேம்பு எல்லாம் வரும். இந்த ஒரு வருஷத்தில் 3 பார் மாற்றிவிட்டேன், ஒவ்வொன்றும் 500 ரூபாய். செயின் 6 போயிற்று, ஒன்று 600. பாரின் முனைப் பக்கம் நீலம் பாய்ந்துவிடுகிறது. வெட்டு வலது பக்கமாக வளைந்து போகிறது. ஒரு கடையில் 1,600 ரூபாய் பாரை எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடைக்காரர் 3,800 ரூபாய்க்குப் பெரிய கம்பெனி பார் இருக்கிறது, அதைப் போட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்கிறார். எது லாபம்? ஆயில், பைக் பட்டறையில் வடிக்கிற பழைய ஆயில்தான் ஊற்றுகிறேன்.

பதில்: தம்பிக்கு வணக்கம். மூன்று விலையைச் சொல்லி எது லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஆயிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேயே நின்றுவிட்டது. நாலாவது பார் 500 ரூபாயாக இருந்தாலும் 3,800 ரூபாயாக இருந்தாலும் அந்த ஆயிலைத்தான் குடிக்கப் போகிறது. அதனால் முதலில் கடைக்குப் போக வேண்டாம். கழற்றிப் போட்ட பழைய பார் மூலையில் எங்கேயாவது கிடக்கும். அதை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பொள்ளாச்சியில் 20 வருஷத்துக்கு மேலாகச் சின்ன இஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் வரும். பார் போய்விட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பழைய பாரைத்தான். அது தேய்ந்த இடத்தைப் பார்த்தால் மெஷின்காரர் எப்படி வேலை செய்கிறார் என்று பாதி தெரிந்துவிடும்.

முனைக்குப் பக்கத்தில் நீலம் என்றால் அந்த இடம் ஆயில் இல்லாமல் காய்ந்திருக்கிறது, அல்லது செயினை அளவுக்கு மேல் இறுக்கி ஓட்டியிருக்கிறீர்கள். இரும்பு நீலமாகும் அளவுக்குச் சூடு ஏறினால், தொழிற்சாலையில் அந்த விளிம்புக்குக் கொடுத்த துவைச்சல், அதாவது சூடேற்றி ஏற்றிய கடினம், இறங்கிவிடும். அதற்கப்புறம் அந்த இடம் மட்டும் மிருதுவாகிச் சீக்கிரம் தேயும். அரம் போட்டுச் சமப்படுத்தினாலும் பழைய கடினம் திரும்பாது. இன்னும் கொஞ்சம் பின்னால் பாருங்கள். மெஷினை ஒட்டிய அடிப் பகுதியில், செயின் பாருக்குள் ஏறும் இடம் பள்ளம் விழுந்திருந்தால் செயின் தொளதொளவென்று ஓடியிருக்கிறது, அல்லது மொட்டைச் செயினை வைத்துக்கொண்டு மெஷினை மரத்தின் மேல் அமுக்கியிருக்கிறீர்கள். இரண்டு விளிம்பிலும் கத்தி போலப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது எல்லா பாரிலும் வருவது. தட்டை அரத்தால் வாரத்துக்கு ஒருமுறை வழித்துவிட்டால் போதும். வழிக்காமல் விட்டால்தான் அந்தப் பிசிறு உடைந்து, விளிம்பையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும்.

அடுத்தது வளைந்து போகும் வெட்டு. இதற்கு எல்லோரும் பாரைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டு தடவை தப்பு செயினில்தான் ஆரம்பிக்கிறது. வலது கைக்காரர் அரம் பிடிக்கும்போது ஒரு பக்கத்துப் பல் நன்றாகத் தீட்டப்படும், மறுபக்கம் கை வாகாக இருக்காது. நாலு தடவை தீட்டியதும் ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கத்துப் பல் குட்டையாகவும் ஆகிவிடும். கூர் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் வெட்டு இழுத்துக்கொண்டு போகும். அப்படியே ஓட்டிக்கொண்டே இருந்தால் செயின் ஒரே பக்கம் சாய்ந்து அழுத்தி, அந்தப் பக்கத்து விளிம்பைத் தேய்த்துவிடும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும் பார் அதை வளைத்துத்தான் விடும். இதனால்தான் உங்களுக்கு இரண்டும் சேர்ந்து போகின்றன.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பாரை ஒரு கண்ணாடியின் மேல், விளிம்பு கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் விளிம்புகளின் உயரம் சமமில்லை. இன்னொன்று, செயினை மாட்டியபடியே ஒரு இரும்பு ஸ்கேலைச் செயின் பல்லின் பக்கவாட்டிலும் பாரின் பக்கவாட்டிலும் சேர்த்து வையுங்கள். பல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பாருக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஸ்கேல் பாரோடு ஒட்டிக்கொண்டால் காடி, அதாவது விளிம்பில் செயின் இறங்கி ஓடும் பள்ளம், அகன்றுவிட்டது, செயின் உள்ளே சாய்கிறது. காடியின் ஆழத்தையும் பாருங்கள். உங்கள் மெஷினில் வரும் 325 பிட்ச் செயினுக்கு (பிட்ச் என்பது செயினின் அளவு, பின்னால் சொல்கிறேன்) குறைந்தது 6 மி.மீ. ஆழம் வேண்டும். அதற்குக் கீழே போனால் செயினின் அடிநாக்கு காடியின் தரையைத் தொட்டு உரசும். அதோடு அந்த பாரின் கதை முடிந்தது.

சரி, இப்போது புது பாருக்கு வருவோம். 500 ரூபாய்க்கும் 1,600 ரூபாய்க்கும் நடுவில் காசு எங்கே போகிறது?

பார் என்பது பார்வைக்கு ஒரு பட்டைத் தகடு, அவ்வளவுதான். ஆனால் அதன் விளிம்பில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 22 அங்குல பாரில் ஓடும் செயினில் 86 டிரைவ் லிங்க், அதாவது காடிக்குள் இறங்கும் நாக்கு, இருக்கும். செயினின் மொத்த நீளம் ஏறக்குறைய 1.42 மீட்டர். முழு வேகத்தில் செயின் வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு வினாடியில் 14 தடவை அந்த பாரைச் சுற்றி வருகிறது. முனையில் 10 பல் மூக்குச் சக்கரம் இருந்தால் அது நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். சின்னஞ்சிறு உருளைகளின் மேல், மரத்தூளுக்கு நடுவில். விலை குறைந்த பாரில் முதலில் போவது இந்த மூக்குதான். அடுத்தது விளிம்பு.

இப்போது அதிகமாக விற்பது மூன்று தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த பார். நடுத் தகடு கொஞ்சம் குட்டையாக இருக்கும், அந்தக் குறைதான் காடி. எடை குறைவு, விலையும் குறைவு. ஸ்டில் கம்பெனியின் ரோலோமேட்டிக் ஈ இந்த வகை, ஹஸ்க்வர்னா கம்பெனியின் எக்ஸ்-ஃபோர்ஸும் இந்த வகை. 500 ரூபாய் பாரும் இதே வகைதான். தகடு எத்தனை என்பதில் வித்தியாசம் இல்லை. விளிம்புக்குக் கொடுத்த துவைச்சல், காடியின் நேர்மை, மூக்குச் சக்கரத்தின் உருளை, இந்த மூன்றில்தான் எல்லாமே. நல்ல பாரில் விளிம்பை மட்டும் தனியாகச் சூடேற்றிக் கடினமாக்கி, நடு உடம்பை வளைந்து நிமிரும்படி விடுவார்கள். மலிவு பாரில் விளிம்பு ஒரு இடத்தில் வெண்ணெயாகவும் இன்னொரு இடத்தில் கண்ணாடியாகவும் இருக்கும். வெண்ணெய் தேயும், கண்ணாடி சில்லுச் சில்லாக உடையும். ஒரே கட்டாக வந்த பத்து பாரில் இரண்டு அருமையாக உழைத்ததையும் பார்த்திருக்கிறேன், ஒன்று முதல் நாளே வளைந்ததையும் பார்த்திருக்கிறேன். மலிவு பார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். எது அமையும் என்று தெரியாமல் வாங்குகிறோம், அதுதான் அதில் உள்ள சங்கடம்.

இரண்டாவது வகை ஒரே கனத் தகட்டில் காடி கடைந்த பார். மூக்கு தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஸ்டிலில் ரோலோமேட்டிக் ஈஎஸ், ஹஸ்க்வர்னாவில் எக்ஸ்-டஃப் என்று வருகின்றன. ஜப்பானின் சுமுரா, சுகிஹாரா பார்களை மரம் வெட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை. தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெரிய மரம் அறுப்பவருக்கு இந்த வகை சரி. மாதம் 5 நாள் வேலைக்கு இது வேண்டாம். எடையும் கூடுதல், மாற்று மூக்கு கிடைக்கிற கடையும் குறைவு.

மூன்றாவது, முனையில் சக்கரமே இல்லாமல் ஸ்டெல்லைட் என்ற கடின உலோகத்தை வைத்து மெழுகிய பார். மண்ணும் தூசியும் உள்ள இடத்துக்கு நல்லது, சிக்கிக்கொள்ள உருளை எதுவும் இல்லை. ஆனால் முனையில் உரசல் அதிகம், ஆயில் சரியாக வராத மெஷினில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். உங்கள் நிலைமையில் அதைத் தொடாதீர்கள்.

இனி அந்த 3,800 ரூபாய் பார். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பார் நல்ல பாராகவே இருக்கலாம். ஆனால் அது உங்கள் மெஷினுக்காகச் செய்ததா என்று கேட்டீர்களா? பார் ஒரு மெஷினில் உட்கார நாலு விஷயம் பொருந்த வேண்டும். பிட்ச், காடியின் அகலம், லிங்க் எண்ணிக்கை, அப்புறம் பாரின் வால் பகுதி. பிட்ச் என்பது செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதி. உங்களுடையது 325, அதாவது 0.325 அங்குலம். இது போன்ற 58 சிசி மெஷினில் காடியின் அகலம் பெரும்பாலும் 1.5 மி.மீ. ஸ்டில் கம்பெனியின் நடுத்தர, பெரிய மெஷின்களில் அதிகம் வருவது 1.6. வெறும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 1.6 செயின் 1.5 காடிக்குள் இறங்கவே இறங்காது. 1.5 செயின் 1.6 காடிக்குள் இறங்கும், ஆனால் புது பாரே தேய்ந்த பார் போல ஆடும். நீங்கள் ஏற்கெனவே அனுபவிக்கிற வளைந்த வெட்டை 3,800 கொடுத்து வாங்கியதாகும்.

வால் பகுதியில் இதைவிடப் பெரிய சிக்கல். போல்ட் நுழையும் நீள்துளை சில பாரில் 8 மி.மீ., சிலவற்றில் 9, ஸ்டிலின் பெரிய மெஷின்களுக்கானவற்றில் 12. துளை பெரிதாக இருந்தால் வாஷர் வெட்டிப் போட்டு மாட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். மாட்டிவிடலாம்தான். ஆயில் துளையை என்ன செய்வீர்கள்? மெஷினிலிருந்து ஆயில் வெளிவரும் இடமும் பாரில் ஆயில் ஏறும் துளையும் நேருக்கு நேர் வராவிட்டால் ஆயில் முழுக்க கவருக்குள் வழிந்து தரையில் சொட்டும். பார்க்கிறவர் ‘ஆயில் நன்றாக வருகிறதே’ என்பார். காடி காய்ந்து கிடக்கும். இப்படி மாட்டிய பார் ஒன்றை ஒரே வாரத்தில் கருக்கிக்கொண்டு என் பட்டறைக்கு ஒருவர் வந்தார். நல்ல பார். மனசு கேட்கவில்லை.

அப்படியானால் 1,600 ரூபாய் பாரா என்றால், ஆம். ஆனால் 22 அங்குலத்தில் வேண்டாம், 18 அங்குலத்தில் எடுங்கள். கடையில் கிடைக்கிற 325 பிட்ச், 1.5 மி.மீ., 18 அங்குல பாருக்குப் பெரும்பாலும் 72 லிங்க் செயின் வரும். நாலு அங்குலம் குறைந்துவிடுகிறதே என்று யோசிக்காதீர்கள். தோப்புத் தென்னை பெரும்பாலும் 18 அங்குல பாருக்கு அடங்கிவிடும். பெரிய புளி வந்தால் இரண்டு பக்கமாக வெட்டலாம். 22 அங்குலத்தை இந்த மெஷினோடு கொடுப்பது பெரும்பாலும் பெட்டியின் மேல் பெரிய எண் போடுவதற்குத்தான் என்பது என் கணிப்பு. நீளமான பாரில் செயினை இழுக்கவே இஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு போய்விடும், சின்ன பம்பு தரும் ஆயிலும் அவ்வளவு தூரத்துக்கு நனைக்காது. உங்கள் பாரின் முனை நீலமானதில் இதற்கும் பங்கு இருக்கிறது. முனைதானே ஆயிலுக்குத் தொலைவு.

கம்பெனி பெயர் வேண்டும் என்றால், மெஷினைவிட பாருக்கும் செயினுக்கும் பேர் போன ஓரிகன் போன்றவற்றில் உங்கள் மெஷினின் வாலுக்குப் பொருந்தும் வகை இருக்கிறதா என்று கேளுங்கள். பல கம்பெனி மெஷின்களுக்கும் ஆகும்படி செய்கிறார்கள். அந்தக் கம்பெனியின் கதை எனக்குப் பிடிக்கும். ஜோசப் காக்ஸ் என்று ஒரு அமெரிக்கர், மரம் அறுத்துப் பிழைத்தவர். 1946-இல் ஒரு மரக்கட்டையை வண்டுப் புழு குடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். புழு நேராகவும் குறுக்காகவும் ஒரே மாதிரி குடைகிறது, அதன் தாடை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கிறது. அதையே இரும்பில் செய்து பார்த்து, 1947-இல் செயின் கம்பெனி ஆரம்பித்தார். இன்று உங்கள் மெஷினில் ஓடும் செயினின் பல் இடம் வலம் என்று மாறி மாறி வருவது அந்தப் புழுவின் வேலைதான். பெயர் தெரிந்த கம்பெனி என்றால் போலி ஸ்டிக்கரும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி விலைக்கு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பாரின் வால் பக்கம் பிட்ச், அகலம், லிங்க் எண்ணிக்கை மூன்றும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். பெயின்டில் மட்டும் எழுதி, விரல் பட்டால் அழிவதாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடையில் பாரை வாங்கிக் கையில் பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக் காடி வழியாகப் பாருங்கள். வாலிலிருந்து மூக்கு வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும். மூக்குச் சக்கரத்தைக் கட்டை விரலால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. கொண்டுபோன செயினின் நாக்கைக் காடிக்குள் இறக்கி இடம் வலமாக அசையுங்கள். லேசாக அசைவது சரி, தலையாட்டக் கூடாது. சின்ன அரம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனால், கடைக்காரர் முகம் சுளிக்காவிட்டால், விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நல்ல விளிம்பில் அரம் வழுக்கும், கொஞ்சமாகத்தான் கடிக்கும். வெற்று இரும்புப் பட்டை போலச் சுரண்டிக்கொண்டு வந்தால் அது 500 ரூபாய்க்கும் அதிகம்.

இனி லாபக் கணக்கு. இதில் உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. இப்போது வருஷத்துக்கு பாருக்கு 1,500, செயினுக்கு 3,600, மொத்தம் 5,100 போகிறது. 1,600 ரூபாய் பார் ஒழுங்காகப் பராமரித்தால் மூன்று நாலு செயினையாவது பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். 18 அங்குலச் செயின் கொஞ்சம் மலிவு. 500 என்று வைத்து வருஷத்துக்கு நாலு போட்டால் 2,000. ஆக 3,600. ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். இதோடு நிறுத்திக்கொண்டால் நான் நல்ல வியாபாரி. ஆனால் புது ஆயில் வாங்கச் சொல்லப் போகிறேனே, அதையும் எழுத வேண்டாமா? நாளைக்கு இரண்டு டேங்க் பெட்ரோல் ஓட்டினால் செயின் ஆயில் அரை லிட்டர் போகும். வருஷத்தில் 60 நாள் என்றால் 30 லிட்டர். லிட்டர் 200 என்று வைத்தாலும் 6,000 ரூபாய். பாரிலும் செயினிலும் பிடித்த மிச்சத்தை ஆயில் விழுங்கிவிட்டு இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் கேட்கிறது. பழைய ஆயில் ஊற்றுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? பழைய இஞ்சின் ஆயிலில் அந்த இஞ்சின் தேய்ந்த இரும்புப் பொடி முழுக்க இருக்கிறது. வேட்டித் துணியில் வடிகட்டினாலும் அந்தப் பொடி வடியாது. அது காடிக்குள் போய்ச் சாணைக்கல் வேலை பார்க்கிறது. அதற்கு முன்னால் மெஷினின் ஆயில் பம்பைத் தேய்க்கிறது. பம்பு நலிந்தால் அப்புறம் தங்க ஆயில் ஊற்றினாலும் பாருக்கு வராது. இது ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. செயின் ஆயில் திரும்பி டேங்குக்குப் போவதில்லை. ஊற்றியது எல்லாம் பொடிப் பொடியாகத் தெறித்து மரத்தூளோடு உங்கள் கையிலும் சட்டையிலும் மூக்கிலும் இறங்குகிறது. வருஷத்துக்கு 30 லிட்டர் கழிவு ஆயிலை உங்கள் மேல் தெளித்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். இஞ்சினில் வெந்த ஆயில் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்பதால்தான் ஆயில் டப்பாவிலேயே தோலில் படாமல் பார்க்கச் சொல்லி எச்சரிக்கை போடுகிறார்கள். 29 வயதில் இது தெரியாது.

தனியாகச் செயின் ஆயில் என்று விற்பது நல்லது. அதில் பிசுபிசுப்புக்காக ஒரு சேர்க்கை இருக்கும், அதனால் மூக்கைச் சுற்றும்போது தெறித்துப் போகாமல் ஒட்டிக்கொள்ளும். அது கட்டுப்படியாகாவிட்டால், டிரம்மிலிருந்து சில்லறையாக அளந்து தரும் 40 கிரேடு புது ஆயில் போதும். நம் வெயிலுக்கு அது தாங்கும். 18 அங்குல பாருக்கு ஆயிலும் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். பல மெஷின்களின் அடியில் ஆயிலைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் காலியாகும்போது ஆயில் டேங்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அளவு சரி. பாதிக்கு மேல் அப்படியே இருந்தால் ஆயில் போகவில்லை. வெளி வேலைக்குப் போகும் நாளில் கூலியோடு 100 ரூபாய் ஆயிலுக்கு என்று சேர்த்துக் கேளுங்கள். தருவார்கள்.

ஆயில் பாருக்கு வருகிறதா என்று பார்க்க, பாரின் முனையை ஒரு காய்ந்த அட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி ஆயில் துளையை ஒரு கம்பியால் குத்தி, காடியைப் பழைய ஹேக்ஸா பிளேடால் வழித்து எடுங்கள். தென்னை அறுப்பவர்களுக்கு இது தினசரி வேலை. மற்ற மரத்தில் வருவது தூள், தென்னையில் வருவது ஈர நார். அது காடிக்குள் திணிந்து, காய்ந்து, கயிறு போல இறுகிவிடும். ஆயில் வர வழியே இருக்காது. அதோடு தென்னையின் வெளிச்சுற்று வைரம், உள்ளே சோறு. வெளியே செயின் மொட்டையாகும், உள்ளே காடி அடைபடும். இரண்டு தொல்லையும் ஒரே மரத்தில்.

உங்கள் ஊர்ப் பக்கம் எனக்கு அறிமுகம்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்து ஓய்ந்தபின், விழுந்த தென்னைகளை அறுக்க எங்கள் ஊரிலிருந்து மெஷினோடு வந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு தோப்பில் நின்ற மரத்தைவிடப் படுத்த மரம் அதிகம். வேரோடு சாய்ந்த மரத்தில் வேரடி முழுக்க மணல் அப்பியிருக்கும். தழையை ஒதுக்கி மரத்தை அறுக்கும் அவசரத்தில் முனை தரையில் புதைவதை யாரும் கவனிக்கவில்லை. கூட வந்தவர்களிடம் விலையான பாரும் இருந்தது, மலிவான பாரும் இருந்தது. மணலுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, இரண்டும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம்தான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். படுத்த மரத்தை அறுக்கும் முன் வெட்டும் இடத்தை அரிவாளால் சீவி மணலைத் தட்டிவிடுவது, அடியில் ஒரு மட்டையைச் செருகிக்கொள்வது, கடைசி இரண்டு அங்குலத்தை மரத்தைப் புரட்டி மேலிருந்து வெட்டுவது. மரத்துக்கு ரெண்டு நிமிடம் கூடுதலாகும்.

செயினை இறுக்குவது பற்றி ஒன்று. பாரின் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்க வேண்டும். அடியில் செயின் தொங்காமல் பாரோடு ஒட்டி நிற்க வேண்டும், அதே சமயம் கையுறை போட்டுக் கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். வேலை நடுவில் சூடான செயின் நீண்டு தொங்கும், அப்போது இறுக்குவீர்கள். சரிதான். ஆனால் சாயங்காலம் மெஷினை வைக்கும்போது தளர்த்திவிட்டு வையுங்கள். ஆறும்போது செயின் சுருங்கி மூக்கையும் கிராங்க்கையும் பிடித்து இழுக்கும். இதை நம் பக்கம் யாருமே செய்வதில்லை. ஒவ்வொரு தடவை செயினைக் கழற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் தப்பாக மாட்டியிருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். இரண்டு செயினுக்கு ஒருமுறை கிளட்ச் பக்கத்து ஸ்பிராக்கெட்டையும், அதாவது செயினை இழுக்கும் பல் சக்கரத்தையும், பாருங்கள். பல்லில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். புதுச் செயினைத் தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் போட்டால் செயினும் சேர்ந்து போகும், நாக்குகள் அடிபட்டுக் காடியையும் கெடுக்கும். உங்கள் 6 செயினில் ஒன்றிரண்டு இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது மாட்டியிருக்கும் பாரில் செயின் ஆடுகிறது என்றால், புது பார் வரும்வரை அதை வைத்து முனையால் குத்தி வெட்டாதீர்கள். அகன்ற காடியிலிருந்து செயின் கழன்று பின்னால் சாட்டை மாதிரி வரும். முனையின் மேல் பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். ஹெல்மெட்டும் காலில் ஷூவும் இல்லாமல் வேலை செய்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பழைய மூன்று பாரில் காடி ஆழம் 6 மி.மீ.க்கு மேல் இருப்பது ஏதாவது இருந்தால் லேத் பட்டறையில் விளிம்பைச் சமமாகத் தேய்த்து வாங்கி, வேரடி அறுக்கும் மண் வேலைக்கு என்று ஒதுக்கி வையுங்கள். நீலம் பாய்ந்தது வேண்டாம். மீதி ஒன்றை மெஷினின் செயினோடு சேர்த்துச் சாக்கில் சுற்றிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். புது பாரின் வாலைப் பழைய பாரின் வால் மேல் வைத்து, போல்ட் துளையும் ஆயில் துளையும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.